சட்டத்துக்குள் ஓட்டை

முதல் மின்னஞ்சலை அனுப்பியவர் யார் என்று கேட்டால் நான் நான் என்று கை தூக்க உலகத்தில் ஆள் உண்டு. அந்தப் பெரிய இடத்துச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை, கண்ணுகளா. நான் சொல்வது ஒரே ஒரு கட்டிடத்தின் கதை. அதன் மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு, ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொரு கணிப்பொறிக்கு, முதன்முதலாக ஒரு செய்தி போனது. மூன்றே சொல். அதை அனுப்பியவள் ஐம்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்காகக் காத்திருந்தாள் என்பதுதான் கதை.

அது ஓர் ஆராய்ச்சி நிலையம். மேல்மாடியில் பெரிய கணிப்பொறி, அலமாரி அலமாரியாக ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். கீழ்த்தளத்தில் இருந்தது அதற்குத் தம்பி. இரண்டுக்கும் ஆளுக்கொரு டெலிபிரிண்டர். தட்டினால் சுருள் காகிதத்தில் அச்சடிக்கும். கூடவே பக்கவாட்டில் ஓர் அங்குல அகலக் காகித நாடாவில் அதே எழுத்துகளை ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தள்ளும். அந்த நாடாவைப் படிப்புக் கருவியில் கொடுத்தால் தட்டியதெல்லாம் மறுபடி அப்படியே வரும். பழகிய கைக்குப் படிப்புக் கருவி கூட வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மல்லிச்சரம் பார்ப்பதுபோல் ஓட்டைகளைப் பார்த்தே படித்துவிடலாம்.

மேல்மாடியில் தட்டுகிற வேலை நம்ம ஆளுக்கு. அப்போது இருபத்திரண்டு வயது. கீழே தட்டியவள் அவளுடைய அண்ணி. பயிற்சி வகுப்பில் தோழியாக வந்து ஒட்டிக்கொண்டவளை, "எங்க வீட்டுக்கே வந்துடேன்" என்று அண்ணனுக்குக் கட்டிவைத்தவள் இவள்தான். தாலி ஏறிய மறுநாளே தோழி உத்தரவு போட்டாள்.

"இனிமே நீ, வா, போ எல்லாம் கிடையாது. நான் உனக்கு அண்ணி. ஒவ்வொரு பேச்சுக்கும் 'ங்க' விழணும்."

"சரிங்க. வாங்க. குளிங்க. வாயை மூடுங்க."

"அப்படித்தான். கேட்கவே எவ்வளவு நல்லா இருக்கு பாரு."

அந்த டெலிபிரிண்டரில் இருந்தது ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்களும் மட்டும். ஒரே கணிப்பொறிக்குள் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்குக் குறிப்பு எழுதி வைக்கிற வசதி அப்போதே இருந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே மாடியில் மாறி மாறி வேலை பார்த்த காலத்தில், நம் பேச்சை அந்த எழுத்தில் கோர்த்துக் குறிப்பு வைப்பார்கள். எல்லாம் சரியாக வந்தது, 'ழ' மட்டும் வரவில்லை. அந்த மிஷினுக்கு அந்த எழுத்தே கிடையாது. 'எழுது' என்று எழுத நினைத்தால் 'எலுது' என்று வந்து நின்றது.

"பல்லு போன கிழவி பேசுற மாதிரி இருக்கு" என்று அண்ணி சிரிக்க, இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். 'எழு' வருகிற இடத்தில் எல்லாம் 7 போட்டாள். ஏழுதானே, கொஞ்சம் குறுக்கிச் சொன்னால் எழு. '7து' என்றால் எழுது. 'கை7த்து' என்றால் கையெழுத்து. ஊரில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி போனதில்லை. இந்த ஏழை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பிறகு அண்ணியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். குறிப்பு வைக்க வழியில்லாமல் போயிற்று. இரண்டு கணிப்பொறிகளுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடியது, ஆனால் அதில் எண்கோப்புகள்தான் போகும், பேச்சு போகாது. இவளுக்குக் கை அரித்தது. குப்பைத்தொட்டியில் பொறியாளர்கள் போட்ட அச்சுத்தாள்களைப் பொறுக்கி, மதிய இடைவேளைகளில் படித்துப் படித்து நிரல் எழுதக் கற்றிருந்தாள். குறிப்பு வைக்கிற நிரலையும், கம்பி வழியே கோப்பு அனுப்புகிற நிரலையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். அவ்வளவுதான் விஷயம். முடிச்சுப் போட ஐந்து மாதம் ஆயிற்று.

பிரிவுத் தலைவர் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். முப்பத்தைந்து வயதுக்குள் தலை முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்ட மனிதர். நாத்தனாரும் அண்ணியும் அவருக்கு வைத்திருந்த பெயரை நான் சொல்லவேண்டியதில்லை.

"என்னம்மா இது?"

"சும்மா, ஒரு முயற்சி சார். மேல இருந்து கீழ குறிப்பு அனுப்ப முடியுமான்னு..."

"தட்டுறவங்க தட்டினாப் போதும். யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்" என்று தாளைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

அப்போது அண்ணிக்கு ஆறாவது மாதம். உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம். பதினொரு மணிவாக்கில் கீழே வேலை ஓய்ந்திருக்கும், கன்னத்தைக் கையில் தாங்கிக் கொஞ்சம் கண்ணயர்வாள். ஒருநாள் அந்த நேரம் பார்த்து, மேல்மாடிக் கதவின் கண்ணாடி வழியாக இவள் பார்க்கிறாள். பளபளத் தலை படியிறங்குகிறது. நேராகக் கீழ்த்தளத்துக்கு. தொலைபேசி படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது, அவர் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார். கத்தினால் கேட்காது. ஓடினால் முந்த முடியாது.

அதுவரை ஒரு தடவை கூட ஓட்டிப் பார்க்காத நிரலை இவள் ஓட்டினாள். தட்டினாள்.

மொட்டை வருது 7ந்திரு.

கீழே டெலிபிரிண்டர் கடகடவென்று குலுங்கியது. அண்ணி திடுக்கிட்டு விழித்தாள். யாரும் தட்டாத பெட்டி தானாக அச்சடிக்கிறது! படித்தாள். படித்து முடிப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. காகிதம் அவர் கையில் கிடைத்தால் நாத்தனாருக்கு வேலை போய்விடும். அண்ணி அதைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வாயில என்ன?"

அண்ணி தலையை ஆட்டினாள். மைநாற்றம் பிடித்த காகிதம், விழுங்கவும் வரவில்லை, துப்பவும் வழியில்லை.

"மிஷின் ரூம்ல திங்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு. கண்ணைப் பாரு, தூங்கி எந்திரிச்ச மூஞ்சி! இது என்ன உன் மாமியார் வீடா?"

மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. 'கணிப்பொறி அறையில் தின்றதற்காக நீக்கம்.' தூக்கத்தைக் கூட எழுதவில்லை, தின்றதை எழுதினார்.

மறுநாள் காலை இவள் அவர் அறைக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் அண்ணியைத் திரும்ப எடுப்பார் என்று நினைத்த வயது அது. செய்தி என்ன என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டு, "சார், மேல இருந்து கீழ ஒரு செய்தி போயிடுச்சு. நிரல் வேலை செய்யுது. அண்ணி எதையும் திங்கலை, அந்தக் காகிதத்தைத்தான்..." என்றாள்.

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலி போட்டார். அதுவரை அவர் இவளுக்கு நாற்காலி போட்டதே இல்லை.

"எப்படிப் போச்சு? வரிவரியாச் சொல்லு."

சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"என்ன அனுப்பினே?"

"சும்மா சோதனை சார்."

"சோதனையெல்லாம் கணக்குல வராது" என்றார். "போ. உங்க அண்ணி விஷயம் நான் பாக்குறேன்."

பார்த்தார். மூன்று வாரம் கழித்து நிலையத்துப் பெரிய மனிதர்களைக் கூட்டி, தானே கண்டுபிடித்தது என்று சொல்லி, இரண்டே விரலால் தடவித் தடவி ஒரு வாக்கியம் அனுப்பினார். 'அறிவுக்குச் சுவர் இல்லை.' கீழ்த்தளத்தில் அது அச்சாகி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கூடத்து மூலையில் நின்ற இவளும் தட்டினாள். தட்டாமல் நின்றால் தெரிந்துவிடுமே.

அன்று சாயங்காலம் அவர் இவள் மேஜைக்கு வந்தார்.

"முதல் செய்தியோட டேப்பு எங்க? சட்டம் போட்டு மாட்டணும்."

இழுப்பறையில் இரண்டு சுருள்கள் கிடந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று இவளுடையது.

"முதல் செய்தியா சார்?"

"ஆமா, முதல் செய்திதான்."

"நல்லாச் சொல்லுங்க சார். முதல்ல போன செய்தியா?"

"காது கேக்கலையா உனக்கு? முதல்ல போனது!"

கொடுத்தாள். எதைக் கொடுத்திருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "என்ன அழகா இருக்கு" என்றார். ஓட்டை படிக்க அவருக்குத் தெரியாது. தட்டுகிறவர்கள் வேலை அது.

"சார், அண்ணி விஷயம்..."

"திங்கிறவங்களை எல்லாம் திரும்ப எடுத்தா இது ஆராய்ச்சி நிலையமா, சத்திரமா?"

அடுத்த வாரமே இவளைக் கீழே சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார். கணிப்பொறியைத் தொடக்கூடாது. போகும்போது இவள் அழவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்சுவரில், பொன்னிறச் சட்டத்துக்குள், கண்ணாடிக்கு அடியில் அந்த நாடா மாட்டியிருந்ததை ஒருதரம் நிதானமாகப் படித்துவிட்டு இறங்கினாள். மொட்டை வருது. வந்து உட்கார்ந்தே விட்டது.

அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த நாடா ஒருநாள் எல்லோர் எதிரிலும் ஓடவேண்டும், அதுவும் அவர் கையாலேயே. அதற்கு மூன்று வேண்டும். நாடா கெடாமல் இருக்கவேண்டும், அவர் உயிரோடு இருக்கவேண்டும், படிப்புக் கருவி ஒன்று மிஞ்சவேண்டும். முதலாவதை அவரே தங்கம்போல் காத்தார். இரண்டாவதுக்காக இவள் வேண்டிக்கொண்டாள். வயிறெரிந்து ஒரு மனுஷனின் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "நூறு வயசு இருக்கணும் அந்த ஆளு. காது மட்டும் நல்லாக் கேக்கணும்" என்பாள்.

மூன்றாவது அவள் கையில் இருந்தது. காகித நாடாவின் காலம் முடிந்து, பழைய கருவிகளை எல்லாம் உடைத்துக் கழிக்கச் சொல்லிப் பட்டியல் வந்தபோது, ஒரே ஒரு படிப்புக் கருவியை மட்டும் சாக்கில் சுற்றிப் பின்னலமாரியில் வைத்தாள். ஏட்டில் 'பழுது பார்க்கக் காத்திருப்பது' என்று குறித்தாள். வருஷாவருஷம் அதே வரி. வருஷாவருஷம் பல்சக்கரங்களுக்கு ஒருசொட்டு எண்ணெய்.

கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம். பேனாவால் எழுதும்போது 'ழ' தாராளமாக வரும், ஆனாலும் அவள் பழக்கத்தை விடவில்லை. பொருள் வாங்க வருகிற சீட்டில் எல்லாம் 'கை7த்து இல்லாமல் பொருள் இல்லை', 'தெளிவாக 7தவும்' என்று எழுதிக் கொடுப்பாள். புதிதாகச் சேர்ந்த விஞ்ஞானிகள் முழிப்பார்கள். வண்டி ஓட்டுநர் விளக்கம் சொல்வார். அவளுக்கு ஏழம்மா என்று பெயர் வந்தது. ஒரு பென்சிலுக்குக் கூட அந்தக் கட்டிடத்தில் ஏழம்மாவின் ஏழைத் தாண்டாமல் போனவர் கிடையாது.

பிரிவுத் தலைவர் படிப்படியாக ஏறி இயக்குநர் ஆனார். ஆன வருஷமே தலையில் டோப்பா ஏறியது. கறுகறுவென்று, வகிடெடுத்து. அதற்கப்புறம் வந்தவர்கள் யாருக்கும் அவர் மொட்டை என்பதே தெரியாது. செய்தி போன நாளை நிலையத்து நாளாக்கி, ஆண்டுதோறும் அந்தச் சட்டத்தின் அடியில் நின்று பேசினார். ஒரே ஒருதடவை ஆபத்து வந்தது. டெலிபிரிண்டர் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒருவர் அவர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். தேநீர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே நேராகக் கிடங்குக்கு இறங்கி வந்தார்.

"ஏழம்மா, மேல சுவத்துல ஒண்ணு தொங்குதே..."

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன். அடிவயிறு வலிக்குது. போய்ச் சொல்லட்டுமா?"

"சொன்னீங்கன்னா உங்களுக்கு இந்த ஜென்மத்துல திருகாணி கிடையாது. இன்னும் பழுக்கட்டும்."

அண்ணிக்கு வேறு எங்கும் கணிப்பொறி வேலை கிடைக்கவில்லை. உத்தரவைப் பார்த்ததும், "தின்னீங்களாமே?" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் திருப்பித் தைக்கிற வேலைக்குப் போனாள். ஒரு நாளைக்கு இருநூறு காலர். விரல் நுனிகள் மரத்துப்போயின. பிள்ளை வளர்ந்து வேறூருக்குப் போய், அண்ணனும் காலமான பிறகு இரண்டு பேரும் சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். அங்கேயும் அண்ணிக்கு ஒரே குறைதான்.

"அன்னைக்கு 7ந்திருன்னு அனுப்பினியே, ஒரு 'ங்க' போட்டியா?"

"தலை போற அவசரத்துல 'ங்க' எங்க அண்ணி போடுறது? ரெண்டு எழுத்து கூட ஆகும்."

"ரெண்டு எழுத்துக்கு நான் பெறமாட்டேனா? அதுக்காகக் காகிதம் தின்னேன் பாரு."

ஐம்பதாவது வருஷம் வந்தது. ஏழம்மாவுக்கு எழுபத்திரண்டு, அண்ணிக்கு எழுபத்தைந்து. ஒரு சாயங்காலம் தொலைபேசி அடித்தது. நிலையத்தின் கண்காட்சியை அமைக்கிற பொறியாளர்ப் பெண்.

"அம்மா, பழைய ஏட்டுல 'பழுது பார்க்கக் காத்திருப்பது'ன்னு ஒரு டேப் படிக்கிற மிஷின் இருக்கே, அது நிஜமாவே இருக்கா?"

"பின்னலமாரி, மூணாவது தட்டு, சாக்குக்குள்ள. பெல்ட் மட்டும் புதுசு போடுங்க."

"அய்யோ, நீங்க தெய்வம்மா! முதல் செய்தியை மேடையிலேயே ஓட்டிக் காட்டப்போறோம். பெரியவர்தான் பட்டனை அமுக்குறார். ஆனா முன்னாடி ஒருதடவை ஓட்டிப் பாக்கலாம்னா விடமாட்டேங்கிறார். 'என் செய்திக்கு ஒத்திகையா? மேடையில எல்லார் முன்னாடியும்தான் சட்டத்தைப் பிரிக்கணும்'ங்கிறார்."

ஏழம்மா தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அவர் சொல்றபடியே செய்யுங்க" என்றாள். "ஓட்டிப் பாக்க நான் வேற ஒரு துண்டு தர்றேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி, அந்த ஆளுக்கு எண்பத்தஞ்சு ஆகுது" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் மனசு ஒரு கணம் நொண்டியது என்பது அண்ணிக்குப் புரிந்தது.

அண்ணி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எனக்கு அந்த மையோட கசப்பு இன்னும் நாக்குல இருக்கு. எனக்கு நல்ல புடவையா எடுத்து வை" என்றாள்.

விழா பகலில், பெரிய கூடத்தில். ஓய்வு பெற்றவர்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். வண்டி ஓட்டுநர், மெக்கானிக், ஏழம்மாவின் சீட்டுக்காகக் கிடங்கு வாசலில் கால்கடுக்க நின்ற விஞ்ஞானிகள், எல்லோரும் நரைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் திரை மூடிய பித்தளைப் பலகை. 'இக்கட்டிடத்தின் முதல் மின்செய்தியை அனுப்பியவர்' என்று போட்டு அவர் பெயர், பட்டங்களோடு. நாத்தனாரும் அண்ணியும் கடைசி வரிசையில்.

பெரியவர் பேசினார். கறுத்த தலை, வெளுத்த புருவம். குரல் மட்டும் தளரவில்லை. பேச்சு நீள நீள அண்ணி பழைய வழக்கப்படி கன்னத்தில் கையை ஊன்றித் தூங்கிப்போனாள். ஏழம்மா எழுப்பவில்லை.

"இந்த நாடா ஐம்பது வருஷமா என் கண்ணைவிட்டு அகன்றதில்லை" என்றார் அவர். "துடைக்கக் கூட வேறொரு கை பட விட்டதில்லை. இதோ, என் விரல்களே குத்திய ஓட்டைகள். 'அறிவுக்குச் சுவர் இல்லை.' இப்போது அந்த வாசகத்தைக் கணிப்பொறியே உங்களுக்குச் சொல்லும்."

சட்டத்தைப் பிரித்தார்கள். எண்ணெய் ஊறிய அந்தக்காலக் காகிதம், ஓரம் கூட மடங்கவில்லை. எல்லோரும் பார்க்கவேண்டும் என்று பொறியாளர்ப் பெண் கருவியின் வேகத்தைக் குறைத்து, நொடிக்கு ஓர் எழுத்தாக விழும்படி வைத்திருந்தாள். பெரியவர் பட்டனை அமுக்கினார். கடகட கடகட. அந்தச் சத்தத்தில் அண்ணி திடுக்கிட்டு விழித்தாள், அன்றைக்குப் போலவே.

பெரிய திரையில் முதல் எழுத்து விழுந்தது. 'அறிவு' என்றால் ஏ வரவேண்டும். வந்தது எம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அடுத்து ஓ. அப்புறம் டி. இன்னொரு டி. ஏ. ஐ.

"மொட்டை..." என்று முன்வரிசையில் யாரோ வாய்விட்டுப் படித்தார்கள்.

கருவிக்கு மரியாதை தெரியாது, அது நிற்கவில்லை. வருது என்றது. பிறகு தனியாக, திரை நடுவில், ஓர் எண் வந்து உட்கார்ந்தது.

7.

பின்வரிசையில் வண்டி ஓட்டுநர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "அடேயப்பா, ஏழம்மா!"

மிச்ச எழுத்துகள் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கிடங்குச் சீட்டு வாங்கிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். "கை7த்து!" என்றது ஒரு குரல். "தெளிவாக 7தவும்!" என்றது இன்னொன்று. சிரிப்பு கூரையில் போய் முட்டியது. மெக்கானிக் அழுதேவிட்டார், முப்பது வருஷம் அடக்கிய சிரிப்பல்லவா.

"இது என் டேப்பு இல்லை!" என்று பெரியவர் கத்தினார். "யாரோ மாத்திட்டாங்க!"

பக்கத்தில் இருந்த இப்போதைய இயக்குநர் அம்மாள் மெதுவாகத்தான் கேட்டார். ஒலிவாங்கி திறந்திருந்தது. "இப்பத்தானே சார் சொன்னீங்க, ஐம்பது வருஷமா உங்க கண்ணைவிட்டு அகலலைன்னு?"

பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்தார். "ஐயா, செய்தியில சொல்ற அந்த மொட்டை யாரு?"

கேள்வி நியாயமானதுதான். பெரியவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, தலைக்குப் போய் டோப்பா நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. அது போதுமாக இருந்தது.

பொறியாளர்ப் பெண் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடிவந்தாள். ஏழம்மா எழுந்தாள்.

"மாத்தலை சார். நீங்க கேட்டதைக் கொடுத்தேன். முதல் செய்தியா சார்னு ரெண்டு தடவை கேட்டேன், காது கேக்கலையான்னீங்க."

"நீ... நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"உங்க தலைக்குப் பின்னாடியே ஐம்பது வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஓட்டை படிக்கிறது தட்டுறவங்க வேலைன்னு நீங்கதான் திரும்பிப் பாக்கலை."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தண்ணீர்க் குவளையை எடுத்தவர் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஏழம்மாவுக்கு அப்போது கொஞ்சமாவது இரக்கம் வந்ததா என்று கேட்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் வந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, செல்லங்களா. ஆனால் வரவில்லை. தண்ணீர் கொட்டியதை அவள் ஆசைதீரப் பார்த்தாள். இருநூறு காலரை நினைத்துக்கொண்டு பார்த்தாள்.

இயக்குநர் அம்மாள் கீழே இறங்கி வந்தார். "பலகையை உடனே கழட்டச் சொல்றேன்மா. உங்க பேரை வெட்டி..."

"கழட்டாதீங்க."

"அம்மா?"

"அவர் பேரே இருக்கட்டும். முதல் செய்தியை அனுப்பினவர் அவர்தான்னே இருக்கட்டும், பட்டத்தோட. அவருக்கு அவ்வளவு ஆசை. கீழ என்ன செய்தின்னு மட்டும் ஒரு வரி வெட்டுங்க. ஒரு எழுத்து மாறாம. ஏழை ஏழாவே போடுங்க."

இயக்குநர் அம்மாள் ஒரு கணம் மேடையைத் திரும்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "போட்டுடலாம்" என்றார்.

"இன்னொண்ணு. எங்க அண்ணியோட கோப்பு இருக்கும். 'கணிப்பொறி அறையில் தின்றதற்காக'ன்னு இருக்கும். அதைக்கூட அடிக்க வேண்டாம். பக்கத்துல, என்னத்தைத் தின்னாங்கன்னு 7துங்க. 'தின்றது: முதல் செய்தி.' நீங்களே கை7த்துப் போடணும்."

"நாளைக்கே."

"இன்னைக்கு."

அன்றைக்கே கோப்பு வந்தது. பழுப்பேறின தாளில், பழைய உத்தரவின் பக்கத்தில், இயக்குநர் அம்மாள் எழுதிக் கையொப்பமிட்டார். அண்ணி கண்ணாடியை மாட்டி இரண்டுதரம் படித்தாள். "எழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பின்வாசல் வழியே காருக்குக் கூட்டிப் போனார்கள். அந்த வழி கீழ்த்தளத்துப் பழைய கணிப்பொறி அறையைத் தாண்டித்தான் போகும். அவர் வருவதைப் பார்த்து நடைவழியில் நின்ற யாரோ, "மொட்டை வருது" என்று மெல்லச் சொன்னார்கள். அவர் காது நன்றாகத்தான் கேட்டது. ஏழம்மாவின் வேண்டுதல் வீண்போகவில்லை.

கூடம் காலியாயிற்று. நாற்காலிகளை மடக்குகிற சத்தம். அண்ணி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், புடவைத் தலைப்பை மடியில் திருத்தி வைத்துக்கொண்டு. தூங்குகிறாளோ என்று ஏழம்மா குனிந்து பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது.

"போகலாமா அண்ணி? எழுந்திரிங்க."

அண்ணி அசையவில்லை.

"என்ன சொன்னே?"

"எழுந்திரிங்கன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"எழுந்திரிங்க அண்ணி."

"ம். இப்பத்தான் செய்தி சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அண்ணி எழுந்தாள்.